தொலைக்காட்சி விளம்பரம் நம்மை இருத்தி வைக்கும் விதம்

(குடியிருப்புப் பேட்டையொன்றின் சமூக மன்றத்தில் தகவல் அதிகாரி ஆற்றிய உரை)

 

இரவு உணவு முடிந்ததும் நம்மில் பலர் தொலைக்காட்சியின் முன் அமர்கிறோம். நாடகத்தில் மருமகள் ஒரு கடிதத்தைக் கையில் எடுக்கிறாள். அதைப் பிரிப்பதற்குள் விளம்பரம் வந்துவிடுகிறது. உடனே தாயார் அடுப்பங்கரைக்கு எழுந்து போகிறார். பாட்டனார் தண்ணீர் கேட்கிறார். மகன் கைப்பேசியை எடுக்கிறான். ஆக, விளம்பரக்காரர் பெரும் பணம் கொடுத்து வாங்கிய முப்பது விநாடியில், அவர் யாரை நாடிப் பணம் கொடுத்தாரோ அவர்கள் நாற்காலியிலேயே இல்லை! விளம்பரத் தொழிலின் தலையாய கவலை இதுவே. பொருளின் பெருமையை எடுத்துரைப்பது அவருக்கு இரண்டாவது வேலைதான். எழப் போகிறவரை எழாமல் இருத்துவது முதல் வேலை. அதை அவர் எப்படிச் செய்கிறார், அதனால் நம் வீட்டுச் செலவும் உடல்நலமும் எவ்வாறு பாதிக்கப்படுகின்றன என்பதையே இன்று நாம் ஆராயப் போகிறோம்.

தொலைக்காட்சிக்கு முன்னரே கடைத்தெரு இருந்தது. தேக்காவில் பஃபலோ சாலைப் பக்கம் ஒரு மாலை நேரம் நடந்து பாருங்கள். மல்லிகைச் சரம் தொடுக்கும் கடையில் வாசனையே விளம்பரம். பாட்டு வட்டுகள் விற்ற காலத்தில், கடைக்காரர்கள் திரைப்படப் பாடலைத் தெருவரைக்கும் கேட்கும்படி வைத்தார்கள். நகைக்கடையில் விளக்கு வெளிச்சமே ஆளைத் திருப்பும். சிராங்கூன் சாலையில் கிளி ஜோசியம் பார்த்து வந்த இடத்தையும் உங்களில் பலர் அறிவீர்கள். 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது ‘மணி’ என்ற கிளி உலகச் செய்தியாகிவிட்டது. காலிறுதி ஆட்டங்களின் வெற்றியாளர்களை அது சரியாக எடுத்தது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து வெல்லும் என்று சீட்டு எடுத்து ஏமாந்தது. அக்கிளி கூண்டிலிருந்து இறங்கி, சீட்டுகளின் மேல் நடந்து, ஒன்றைக் கௌவுவதற்குள் அங்கே நின்றவர் எவரும் நகர்ந்ததில்லை. எந்தச் சீட்டு வரும் என்பது தெரியாத வரையில் கால் பெயர்வதில்லை. இந்தச் சின்ன உண்மையைத்தான் விளம்பரக்காரர்களும் கையில் எடுத்துக் கொண்டார்கள்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. தெருவில் விற்பவர் நம் முகத்தைப் பார்க்கிறார். நமக்கு விருப்பமில்லை என்று தெரிந்தால் பேச்சை மாற்றுவார், விலையைக் குறைப்பார், அல்லது விட்டுவிடுவார். பேரம் என்பது இருவழிப் பேச்சு. தொலைக்காட்சியோ நம்மைப் பார்ப்பதில்லை. ஆகையால், மனிதர் யாவருக்கும் பொதுவாக உள்ள இயல்புகளை முன்கூட்டியே கணக்கிட்டு, அவற்றின்மேல் அது தூண்டில் போடவேண்டியிருக்கிறது.

சிறிது வரலாறும் தெரிந்துகொள்வோம். சிங்கப்பூரில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் தொடங்கியது. அந்நாளைய கலாசார அமைச்சர் திரு. எஸ். இராஜரத்தினம் விக்டோரியா நினைவு மண்டபத்தில் அதனைத் தொடக்கி வைத்தார். முதல் நாள் ஒளிபரப்பு ஒரு மணி நாற்பது நிமிடம். வீட்டில் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. பொதுமக்கள் சமூக மன்றங்களில் கூட்டங்கூட்டமாக நின்று பார்த்தார்கள். அதே ஆண்டில் இரண்டாவது ஒளிவழியாகிய 8ஆம் ஒளிவழியும் வந்து, சீனத்துடன் தமிழ் நிகழ்ச்சிகளும் அதில் இடம்பெற்றன. விளம்பரம் நுழைந்தது 1964ஆம் ஆண்டில். 1974இல் வண்ணம் வந்தது. அவ்வாண்டு உலகக் கிண்ணக் காற்பந்து இறுதி ஆட்டத்தை வண்ணத்தில் கண்டவர்கள் இன்றும் அதைச் சொல்லி மகிழ்வார்கள். ஜொகூரின் தென்பகுதித் தோட்டங்களிலும் உயரமான கம்பத்தில் ஏரியல் கட்டிச் சிங்கப்பூர் நிகழ்ச்சிகளைப் பார்த்த குடும்பங்கள் உண்டு. நிகழ்ச்சியோடு நம் நாட்டுப் பற்பசையும் சவர்க்காரமும் எல்லை கடந்து அவர்கள் வீட்டுக்குள் சென்றன.

வெளிநாடுகளில் இக்கலை இதற்குச் சற்று முன்னரே தோன்றிவிட்டது. 1941ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நியூயார்க்கில் ஒரு பேஸ்பால் ஆட்டத்துக்கு முன்னால் புலோவா கைக்கடிகார விளம்பரம் சில விநாடிகள் காட்டப்பட்டது. அமெரிக்க நாட்டின் படமும் கடிகார முகமும்தான் திரையில். அதற்கான கட்டணம் ஒன்பது டாலர் என்பார்கள். பிரிட்டனில் 1955 செப்டம்பர் 22ஆம் நாள் காட்டப்பட்ட முதல் விளம்பரம் கிப்ஸ் எஸ்.ஆர். பற்பசை, பற்பசைக் குழாயைப் பனிக்கட்டிக்குள் வைத்துக் காட்டினார்கள். இந்தியத் தூர்தர்ஷனில் 1976ஆம் ஆண்டு முதல் விளம்பரம் ஏற்கப்பட்டது. முதற்காலத்தில் விளம்பரத்தைப் பார்க்க மக்களே விரும்பினார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அசையும் படம் எதுவாயினும் அது அதிசயம். அதிசயம் பழகிப்போன பிறகுதான் விளம்பரக்காரருக்குத் தந்திரம் தேவைப்பட்டது.

முதல் தந்திரம் திடுக்கிடச் செய்வது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் பயின்றோர் யாவரும் இதனை அறிவர். வகுப்பு சலசலக்கும்போது உரத்துக் கத்துவதைவிட, மேசையில் ஒருமுறை அழிப்பானால் தட்டினால் நாற்பது தலைகளும் நிமிரும். நாய்களின் உமிழ்நீரை வைத்து ஆராய்ந்த ரஷ்ய அறிஞர் பாவ்லவ் இதற்கு ஒரு பெயரே வைத்தார்: ‘அது என்ன?’ என்னும் அனிச்சை. புதிய ஒலி, திடீர் அசைவு, வெளிச்ச மாற்றம் ஆகியவை நேர்ந்தால் உயிரினம் செய்துகொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு அத்திசை நோக்கித் தலையைத் திருப்பும். காட்டில் புலி வரும் காலத்தில் உயிர் காத்த குணம் இது. விளம்பரத்தில் படம் இரண்டு விநாடிக்கு ஒருமுறை மாறுவதும், முகம் திடீரென்று நெருங்கி வருவதும், எழுத்து பாய்ந்து வருவதும் இக்குணத்தைத் தொட்டு எழுப்பவே. நாம் விரும்பித் திரும்புவதில்லை. திரும்பிய பிறகே விரும்புகிறோமா என்று யோசிக்கிறோம்.

ஆனால் இதே பாவ்லவ் கண்ட மற்றோர் உண்மையும் உண்டு. ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்டால் நாய் காதைக்கூட அசைக்காது. தினமும் மேசையைத் தட்டும் ஆசிரியரைப் பிள்ளைகள் பொருட்படுத்துவதில்லை என்பதும் நாம் கண்டதே. ஆகையால் எல்லா விளம்பரமும் கூச்சலிடும்போது, ஒரு விளம்பரம் மட்டும் ஒலியே இன்றி வந்தால் அதுதான் நம்மைத் திருப்புகிறது. அடுப்பங்கரையில் இருக்கும் தாயார், ‘என்ன, பெட்டி கெட்டுப் போய்விட்டதா?’ என்று எட்டிப் பார்ப்பார். அவர் பார்த்துவிட்டார் அல்லவா? அது போதும்.

கூச்சல் என்றதும், பலரும் கேட்கும் ஒரு கேள்வி நினைவுக்கு வருகிறது. ‘ஐயா, நாடகம் ஓடும்போது சரியாக இருக்கும் சத்தம், விளம்பரம் வந்ததும் ஏன் கூடிவிடுகிறது? யார் கூட்டுகிறார்கள்?’ என்று தாய்மார்கள் கேட்பதுண்டு. விடை சற்று வேடிக்கையானது. ஒலியின் உச்ச அளவுக்கு ஒளிபரப்பு நிலையங்களில் ஒரு வரம்பு உண்டு. விளம்பரமும் அவ்வரம்பைத் தாண்டுவதில்லை. நாடகத்தில் ஒருவர் முணுமுணுக்கிறார், ஒருவர் அழுகிறார், எப்போதோ ஒருமுறை கதவு ஓங்கிச் சாத்தப்படுகிறது. உச்சம் அந்தக் கதவு மட்டுமே. விளம்பரத்தில் மெல்லிய ஒலிகளை எல்லாம் மேலே தூக்கி, முப்பது விநாடியும் கதவு சாத்தும் அளவிலேயே வைத்துவிடுகிறார்கள். அளவுகோல் வைத்துப் பார்த்தால் குற்றமில்லை. காதுக்கு மட்டும் குற்றம். அமெரிக்காவில் இதைப் பொறுக்க முடியாமல் 2010ஆம் ஆண்டு சட்டமே இயற்றி, 2012 டிசம்பர் முதல் நடைமுறைப்படுத்தினார்கள். விளம்பரத்தின் சராசரி ஒலியளவு நிகழ்ச்சியின் சராசரியை மிஞ்சக்கூடாது என்பது அச்சட்டத்தின் சாரம்.

இரண்டாவது, முடிக்காமல் விடுவது. மருமகள் கடிதத்தைப் பிரிப்பதற்குமுன் இடைவேளை வந்ததே, அது தற்செயல் அன்று. கதை எழுதுவோரே எந்த இடத்தில் முறிக்க வேண்டும் என்று திட்டமிட்டுத்தான் எழுதுகிறார்கள். 1927இல் புளூமா ஸைகார்னிக் என்னும் பெண்மணி பெர்லின் நகரில் ஓர் ஆய்வை வெளியிட்டார். உணவகப் பணியாளர்கள், பணம் வாங்காத மேசைகளின் கணக்கை நன்கு நினைவில் வைத்திருக்கிறார்கள், வாங்கியபின் மறந்துவிடுகிறார்கள் என்பதைக் கண்டு எழுந்த ஆய்வு அது. சிராங்கூன் சாலையிலுள்ள கோமள விலாஸ் போன்ற பழைய உணவகங்களில், பத்து மேசைக்குத் தோசையும் காப்பியும் மனத்திலேயே கணக்கு வைத்துப் பரிமாறியவர்களைப் பார்த்தவர்க்கு இது புதுமை அன்று. பிற்காலச் சோதனைகள் அனைத்தும் அம்மையாரின் முடிவுக்கு உடன்படவில்லை. நினைவு கூடுகிறதோ இல்லையோ, தொடங்கியதை முடித்துப் பார்க்க வேண்டும் என்னும் நாட்டம் மனிதரிடம் உண்டு என்பதை மறுப்பாரில்லை. விளம்பரத்துக்குள்ளும் இதே முறை. ஒருவர் ஓடுகிறார். ஏன் ஓடுகிறார்? ஒரு குழந்தை பெட்டிக்குள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறது. உள்ளே என்ன? இருபத்தைந்தாவது விநாடியில்தான் அது இன்ன மாவு, இன்ன எண்ணெய் என்று தெரிகிறது.

மூன்றாவது பாட்டு. தமிழருக்கு இதைப் பற்றி விரித்துரைக்கத் தேவையில்லை. ஏடு அரிதாயிருந்த காலத்தில் இலக்கணத்தையும் மருத்துவத்தையும்கூடச் செய்யுளாக்கி மனத்தில் நிறுத்திய இனம் நம்முடையது. எதுகையும் மோனையும் நினைவுக்கு ஊன்றுகோல் என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. விளம்பரக்காரர் அதைச் சவர்க்காரத்துக்குப் பயன்படுத்திக் கொண்டார். இலங்கை வானொலியில் கேட்ட கோபால் பல்பொடி விளம்பரத்தை முதியவர்கள் இன்றும் அதே குரலில் சொல்லிக் காட்டுவார்கள். அதில் சிங்கப்பூரின் பெயரும் வரும் என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி! இந்தியாவில் நிர்மா சலவைத்தூள் பாட்டைத் தெரியாத குழந்தை ஒருகாலத்தில் இல்லை. அப்பாட்டுக்கு ஈடுகொடுக்க முடியாமல், 1980களில் சர்ஃப் நிறுவனம் லலிதாஜி என்னும் கண்டிப்பான குடும்பத்தலைவியைப் படைத்தது. மலிவானது வேறு, நல்லதாய் வாங்குவது வேறு என்று அவர் கணக்குப் பேசினார். பாட்டை வெல்லப் பாட்டு போடாமல், நம் வீட்டுப் பெரியம்மாவைப் போன்ற ஒருவரைப் பேச வைத்தார்கள். இது மிகவும் கெட்டிக்காரத்தனமான செயல் என்பது நம் கருத்து.

இவ்விடத்தில் நம் சொந்தத் தொழிலைப் பற்றியும் ஒரு சொல். அரசாங்கத் தகவல் பணியும் இதே கருவிகளைத்தான் கையாளுகிறது. சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம் என்ற இயக்கம் 1968இல் தொடங்கியது. பண்புநெறி இயக்கம் 1979இல் தொடங்கி, 1982இல் ‘சிங்கா’ என்னும் சிரித்த முகச் சிங்கத்தைச் சின்னமாக ஏற்றது. 1984இல் தேசிய தினத்துக்காக வெளிவந்து, நம் பிள்ளைகள் பள்ளிதோறும் பாடும் ‘ஸ்டாண்ட் அப் ஃபார் சிங்கப்பூர்’ என்னும் பாடலை எழுதியவர் மெக்கேன்-எரிக்சன் என்னும் விளம்பர நிறுவனத்தைச் சேர்ந்த ஹியூ ஹாரிசன். பற்பசை விற்கும் கைதான் அதையும் எழுதியது. குப்பையைத் தொட்டியில் போடுங்கள் என்பதற்கும், இந்தச் சோப்பை வாங்குங்கள் என்பதற்கும் நோக்கத்தில் வேறுபாடு உண்டு. வழியில் வேறுபாடு இல்லை. ஆகையால் விளம்பரக் கலையைத் தீயது என்று ஒதுக்குவதில் பொருளில்லை. பார்ப்பவர் அதன் இயக்கத்தை அறிந்திருந்தால், அரசாங்க அறிவிப்பையும் அவர் அதே தெளிவுடன் எடைபோடுவார். அதனால் நமக்கு நட்டமில்லை.

முகங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழந்தை முகம், நாய்க்குட்டி, நேராக நம்மைப் பார்க்கும் கண்கள் ஆகியவற்றை விட்டு நம் பார்வை எளிதில் அகல்வதில்லை. நடிகரின் முகமும் அப்படியே. தீபாவளி நெருங்கும்போது வசந்தம் ஒளிவழியில் பட்டுப்புடவைக்கும் நகைக்கும் மசாலைக்கும் நட்சத்திரங்கள் வந்து போவதைப் பார்க்கிறோம். இதில் விளம்பரக்காரருக்கும் ஓர் ஆபத்து உண்டு. அடுத்த நாள் கேட்டால், நடிகை கட்டியிருந்த புடவையின் நிறம்கூட நினைவிருக்கும். எந்தக் கடை என்பது நினைவிருக்காது. முகம் பொருளை விழுங்கிவிடுகிறது.

இனி, பலரை அச்சுறுத்தும் ஒரு கதையையும் தீர்த்து வைப்போம். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் திரையில் செய்தி காட்டி நம் மனத்தை மாற்றுகிறார்கள் என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். 1957இல் ஜேம்ஸ் விகாரி என்ற அமெரிக்கர், திரையரங்கில் இப்படி மறைவாகச் செய்தி காட்டியதால் குளிர்பானமும் சோளப்பொரியும் மிகுதியாக விற்றன என்று அறிவித்து உலகையே பதறவைத்தார். 1962இல், போதிய சான்றின்றி விளம்பரத்துக்காகச் சொன்னது அது என்பதை அவரே ஒப்புக்கொண்டார். மறைவான விளம்பரத்துக்கு அஞ்சவேண்டியதில்லை. வெளிப்படையாகத் தெரியும் விளம்பரமே போதிய அளவு வேலை செய்கிறது.

எப்படி என்று கேட்டால், இரண்டு ஆய்வுகளைச் சொல்லலாம். 1965இல் ஹெர்பர்ட் க்ரக்மன் என்னும் அமெரிக்க ஆய்வாளர், தொலைக்காட்சி விளம்பரத்தை நாம் அக்கறையின்றிப் பார்ப்பதே அதன் பலம் என்று எழுதினார். அக்கறையுடன் கேட்டால் மறுத்து வாதாடுவோம். அரைக்கவனமாய்க் கேட்பதால் வாதாடாமல் பெயர் மட்டும் உள்ளே தங்கிவிடுகிறது. பேரங்காடியில் இருபது வகைச் சோப்பின்முன் நிற்கும்போது அப்பெயர் தலை தூக்குகிறது. 1968இல் ராபர்ட் சயன்ஸ் என்னும் உளவியலறிஞர் மற்றொன்றைக் கண்டார். சீன எழுத்தறியாத மாணவர்களுக்குச் சீன எழுத்துகளைப் போன்ற வடிவங்களைச் சிலவற்றை ஓரிரு முறையும், சிலவற்றைப் பலமுறையும் காட்டினார். பிறகு, இவற்றுள் எது நல்ல பொருள் உடையதாயிருக்கும் என்று கேட்டார். அடிக்கடி கண்ட எழுத்துக்கே நல்ல பொருள் இருக்கும் என்று மாணவர்கள் ஊகித்தார்கள். நாமும் சீனம் படிக்கத் தெரியாமலே, தினமும் கடந்துபோகும் ஒரு கடைப் பலகையின் எழுத்தைக் கண்டால் ‘நம்ம கடை’ என்று உணர்கிறோம் அல்லவா? பழக்கமே நம்பிக்கையாகத் தோற்றமளிக்கிறது. ஒரே விளம்பரத்தை ஓரிரவில் நான்கு முறை ஏன் போடுகிறார்கள் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது.

காட்டுவது உண்மையா என்பது வேறு வினா. இதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற வழக்கு ஒன்று உண்டு. 1959இல் ரேப்பிட் ஷேவ் என்னும் முகச்சவர நுரைக்கான விளம்பரத்தில், உப்புத்தாளின்மேல் நுரையைத் தடவி ஒரே இழுப்பில் மழித்துக் காட்டினார்கள். பார்த்தவர் வியந்தனர். உண்மையில் அது உப்புத்தாளே அன்று. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகட்டின்மேல் மணலைத் தூவி வைத்திருந்தார்கள். உண்மையான உப்புத்தாளை மழிப்பதற்கு எண்பது நிமிடம் ஊறவைக்க வேண்டியிருந்தது! உப்புத்தாளைத் திரையில் சரியாகப் படம்பிடிக்க முடியாது என்று நிறுவனம் வாதாடியது. 1965இல் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மெய்ப்பித்துக் காட்டுவதாகச் சொல்லிப் போலியைக் காட்டுவது ஏமாற்று என்று தீர்ப்பளித்தது. நம் வீட்டு ஆண்கள் யாரும் உப்புத்தாளுக்குச் சவரம் செய்யப் போவதில்லை. ஆயினும், கண்ணால் கண்டேன் என்று நாம் நம்புவதன் மதிப்பு எவ்வளவு என்பதை அவ்வழக்கு காட்டியது.

சிங்கப்பூரில் இவ்விஷயத்தில் காலத்தோடு கட்டுப்பாடு வந்தது எனலாம். புகைபிடிப்பதைப் பற்றிய விளம்பரத்துக்கு எதிராக 1970இல் சட்டம் இயற்றப்பட்டு, 1971இல் நடைமுறைக்கு வந்தது. உலக நாடுகள் பலவற்றில் சிகரெட் விளம்பரம் கொடிகட்டிப் பறந்த காலம் அது. பயனீட்டாளர் சங்கம் 1971இல் தோன்றியது. அச்சங்கத்தின் ஆலோசனை மன்றமாக விளம்பரத் தரநிலை ஆணையம் 1976இல் அமைக்கப்பட்டது. விளம்பரம் சட்டத்துக்கு உட்பட்டும், ஒழுங்காகவும், நேர்மையாகவும், உண்மையாகவும் இருக்கவேண்டும் என்பது அதன் நெறிமுறை. பிள்ளைகளுக்கான உணவு விளம்பரங்களுக்கு 2015ஆம் ஆண்டு தொடக்கம் தனி விதிகள் வந்தன.

எல்லாவற்றையும்விட நம் சமூகத்துக்கு நெருக்கமானது இனிப்புப் பானங்களைப் பற்றிய விதியே. 2010ஆம் ஆண்டு தேசியச் சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, சிங்கப்பூரில் 18 முதல் 69 வயதுள்ளோரில் நீரிழிவு உள்ளவர்கள் 11.3 விழுக்காடு, இந்தியரிடையே அது 17.2 விழுக்காடு. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவர். இம்மண்டபத்தில் ஒரு வரிசை நாற்காலியை எண்ணிப் பாருங்கள், கணக்கு விளங்கும். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுத்தது. 2022 டிசம்பர் 30 முதல், புட்டியிலும் டின்னிலும் அடைத்து விற்கும் பானங்கள் ‘நியூட்ரி-கிரேட்’ என்னும் தரவரிசைக்கு உட்பட்டன. சீனியும் கொழுப்பும் குறைந்தவை ஏ, மிகுந்தவை டி. சி, டி தரத்துப் பானங்கள் அந்த முத்திரையை முன்பக்கத்தில் தாங்கியாக வேண்டும். டி தரத்துப் பானத்தை, விற்கும் இடத்தைத் தவிர, தொலைக்காட்சி உட்பட வேறெங்கும் விளம்பரம் செய்ய இயலாது. புட்டியின்மேல் பனித்துளி உருள்வதையும், இளைஞர்கள் குதித்தாடுவதையும், ‘உஸ்’ என்ற ஓசையையும் வைத்து ஒரு தலைமுறையின் தாகத்தையே மாற்றியமைத்த விளம்பர வகைக்கு நேர்ந்த நிலை இது. விளம்பரத்துக்கு வலிமை இல்லையென்றால் சட்டத்துக்கு வேலை இருந்திருக்காது.

ஆனால் பார்ப்பவர் கையிலும் ஒரு கருவி வந்து சேர்ந்தது. 1955இல் அமெரிக்காவின் செனித் நிறுவனம் ‘ஃபிளாஷ்-மேட்டிக்’ என்னும் கம்பியில்லாத தொலையியக்கியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, நீண்ட விளம்பரங்களின் ஒலியை நாற்காலியில் இருந்தபடியே அடக்கலாம் என்பதையே அதன் சிறப்பாகச் சொன்னது. விளம்பரத்தை விரட்டும் கருவிக்கும் விளம்பரம்! பின்னர் ஒளிப்பேழைப் பதிவுக் கருவி வந்து, விளம்பரத்தை ஓட்டிக் கடக்க வழிசெய்தது. 2010இல் யூடியூப் ஐந்து விநாடிக்குப்பின் தாண்டிச் செல்லும் வசதியைத் தந்தது. ஒவ்வொரு முறையும் விளம்பரம் தன் உருவை மாற்றிக் கொண்டது. இருபத்தைந்தாவது விநாடியில் பெயரைச் சொன்னவர்கள், இப்போது முதல் ஐந்து விநாடிக்குள்ளேயே பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். நிகழ்ச்சிக்கு நடுவே வந்தது, இப்போது நிகழ்ச்சிக்குள்ளேயே நுழைந்துவிட்டது. சமையல் நிகழ்ச்சியில் மசாலைப் பொட்டலம் முத்திரை தெரிய நிற்கிறது. பாட்டுப் போட்டியில் நடுவரின் முன்னால் கோப்பை நிற்கிறது. அங்கே எழுந்து போக இடைவேளையும் இல்லை. 2019 ஜனவரியில் சிங்கப்பூரின் பழைய முறை ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, முழுவதும் மின்னிலக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் திடலோரம் அமர்ந்திருக்கும் நம் தொழிலாளத் தம்பிமாரைப் பாருங்கள். திரை அவர்கள் உள்ளங்கையில். ஊருக்குப் பணம் அனுப்பும் விளம்பரமும், கடன் தருவதாகச் சொல்லும் விளம்பரமும் அங்கேதான் வருகின்றன. இப்போதைய திரை முன்போல் குருடும் அன்று. எதைத் தாண்டினோம், எதில் நின்றோம் என்பதைக் குறித்துக்கொள்கிறது. கடைத்தெரு வணிகரைப் போல அதுவும் நம் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டது. பேரம் பேச மட்டும் இடந்தருவதில்லை.

பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்க்கு வகுப்பறையிலிருந்து ஒரு பயிற்சி. விளம்பரம் வந்ததும் ஒலியை அடக்கிவிட்டு, படத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முடிந்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். என்ன பொருள்? என்ன விலை சொன்னார்கள்? அப்பொருளைப் பற்றிச் சரிபார்க்கக்கூடிய செய்தி ஒன்றேனும் இருந்ததா? மூன்றாவது கேள்வியில் பிள்ளைகள் விழிப்பார்கள். ஏழெட்டு வயதுக்குக் கீழுள்ளவர்கள், விளம்பரம் தம்மை வாங்கத் தூண்டவே வருகிறது என்பதை நன்கு உணர மாட்டார்கள். அவர்களிடம் வாதாடிப் பயனில்லை, உடனிருந்து பேசுவதே வழி. ‘அந்த அக்கா உண்மையிலேயே அதைக் குடிக்கிறார்களா?’ என்று கேட்டால் போதும், நல்ல பேச்சு பிறக்கும். பெரியவர்களுக்கு மற்றொன்று: கடைக்குப் போகுமுன் வாங்கவேண்டியவற்றை வீட்டிலேயே எழுதிக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்று கூடையில் விழுமாயின், அதன் பெயரை எங்கே கேட்டோம் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள்.

ஏதேனும் விளம்பரம் பொய் சொல்கிறது என்று தோன்றினால், எந்த ஒளிவழி, எந்த நாள், எத்தனை மணி, சொன்னது என்ன என்னும் நான்கையும் குறித்து வைத்து விளம்பரத் தரநிலை ஆணையத்துக்கு எழுதலாம். கைப்பேசி விளம்பரமாயின் திரையைப் படமெடுத்து வையுங்கள். அடுத்த நிமிடம் அது மறைந்துவிடக்கூடும்.

இப்போது விளக்கை அணைத்துவிட்டு, மூன்று விளம்பரங்களை ஒலியின்றித் திரையிடப் போகிறோம். முன்வரிசையில் இருக்கும் மாணவர்கள் தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளலாம். பெரியவர்களும் எண்ணிப் பார்க்கலாம், முப்பது விநாடியில் படம் எத்தனை முறை மாறுகிறது என்று.